ஆறு மணிக்கூர் நிற்கும் நிறம்

அம்மா,

வாசனையே இல்லாத ஒன்றை முகர்ந்து பார்த்து யாருக்காவது நினைவு வருமா? எனக்கு இன்று காலையில் வந்தது. விடுமுறை வேதாகமப் பள்ளியின் நிறைவு நாள். பிள்ளைகளின் நாடகத்துக்கு முகம் வரைந்து தரச் சொல்லி என்னை ஆலயத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சிங்கமாக நடிக்கும் சிறுமிக்கு மீசை வரைய வர்ணப் பெட்டியைத் திறந்தேன். அடியில் கிடந்த சின்னக் குழாய் ஒன்று உருண்டு வெளியே வந்தது. மூடியைத் திருகி மூக்கருகே வைத்தேன். ஒன்றும் இல்லை. வாசனை சேர்க்காததாகப் பார்த்துத்தானே வாங்கினோம். ஆனால் அந்த ஒன்றுமில்லாததில் போன வருஷத்து மே மாதம் முழுசாக இருந்தது. சிங்கம் என் முழங்கையைத் தட்டி, "அண்ணா, இந்தப் பக்கத்து மீசை?" என்று கேட்கும்வரை நான் அங்கே இல்லை.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இதற்கு முன் உனக்கு நான் எழுதியது ஒரே ஒரு கடிதம். அதுவும் தலைமையாசிரியர் எழுதியதுபோல. ஏழாம் வகுப்பில், 'தங்கள் மகனின் அறிவு எங்கள் பள்ளியின் கொள்ளளவைத் தாண்டிவிட்டபடியால் அவனுக்கு ஒரு வாரம் ஓய்வு தேவை' என்று எழுதி, அலமாரியில் உன் கண்ணில் படும்படி வைத்தேன். நீ கணக்கு டீச்சர். ஆனாலும் சிவப்பு மையில் மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்தி, அடியில் 'கையெழுத்து மோசம்' என்று எழுதி, என் சாப்பாட்டுப் பைக்குள் திருப்பி வைத்துவிட்டாய். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பெரிய அடி.

இது நிஜக் கடிதம். திருத்த ஆள் இல்லை.

போன வருஷம் ஏப்ரலில், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து நான் ஊரில் எல்லாருடைய உயிரையும் வாங்கிக்கொண்டிருந்த நாளில், நீ என்னைக் கூப்பிட்டாய். அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். தலையில் துண்டு இல்லை.

"ஏலே, இஞ்ச வா. நீ அண்ணைக்குக் கையில ஒரு காயம் வரைஞ்சிட்டு வந்து நின்னியே, அது எத்தன நேரம் நின்னுச்சு?"

"நீ தொறப்பையால அடிக்கது வரைக்கும்."

"களியாக்காத. மணிக்கூர் சொல்லு."

பசையும் மெல்லிய தாளும் பீட்ரூட் சாறும் வைத்துச் செய்த காயம் அது. அதைப் பார்த்து நீ அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். "ரெண்டு மணிக்கூர் நிக்கும்" என்றேன்.

"ஆறு மணிக்கூர் நிக்குமா?"

எனக்குப் புரியவில்லை. நீ கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாய். மே கடைசியில் அக்காவின் கல்யாணம். பத்தரைக்கு ஆராதனை. ஒரு மணிக்குச் சாப்பாடு. நாலரை வரை போட்டோவும் ஆட்களும். ஆலயத்தில் எல்லாப் பெண்களும் சேலைத் தலைப்பால் தலையை மூடித்தான் உட்காருவார்கள். எனவே தலை பிரச்சினை இல்லை, மண்டபத்திலும் அப்படியே இருந்துகொள்ளலாம் என்றாய். தலைப்புக்குக் கீழே தெரியும் கண்தான் பிரச்சினை. மார்பில் வந்த கட்டிக்காக ஏற்றிய மருந்து உன் புருவத்தைத் தின்றிருந்தது. இமையில் ஒரு முடி இல்லை. இமைத்தோல் கறுத்து உள்ளே போயிருந்தது. அழாதபோதும் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. அதுவும் மருந்தின் வேலைதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"அக்காவுக்கு மேக்கப் போட ஆளு வருதுல்லா, அவகிட்டச் சொன்னா என்ன?" என்றேன்.

"அவளுக்கு முன்னால தலையக் காட்டணும். ஒனக்கு முன்னால நான் தலைய மறைச்சது இல்லல்லா." பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாய். "ஒரு வருசமா நான் ஞாயித்துக்கிழம ஜெபக்குறிப்புல மூணாவது பேரு மக்கா. என்னப் பாக்க வாறவ எல்லாரும் மெதுவாப் பேசுகா. தலையில கைய வச்சு ஜெபிச்சு அழுகா. நல்ல மனசுதான், நான் இல்லங்கல்ல. ஆனா கல்யாணத்தண்ணைக்கு நான் பொண்ணுக்க அம்மையா நிக்கணும். சீக்காளியா நிக்கப்பிடாது. ஒரு நாளு மதி, அதுக்கு மேல வேண்டாம்."

அதுவரை நீ என்னிடம் கேட்டதெல்லாம் 'வாயை மூடு' என்பதுதான். அதைத் தவிர நீ என்னிடம் கேட்ட ஒரே காரியம் இது.

கண்ணுக்கு மேலே பூசும் நிறத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நான்கு வீடியோக்கள். எல்லாவற்றிலும் ஒன்றையே சொன்னார்கள்: நிறம் இருக்கட்டும், அடியில் போடும் பேஸைப் பார்த்து எடு, அது சரியில்லை என்றால் எந்த நிறமும் மதியம் வரை தாங்காது. அடுத்த முறை மருந்து ஏற்றப் போனபோது அங்கிருந்த நர்ஸிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "வாசனை உள்ளது வேண்டாம். புதுசா வாங்கு, வேற யாரும் தொட்டது வேண்டாம். கையக் கழுவிட்டுப் போடு. கண்ணுக்குள்ள போகாமப் பாத்துக்கோ, எரிஞ்சா உடனே கழுவிரு" என்றார். நான் என் வாழ்க்கையில் ஒரு பெரியவர் சொன்னதைக் குறிப்பெடுத்துக்கொண்டது அதுவே முதல் தடவை.

தினமும் காலை ஆறரைக்கு ஆரம்பிப்போம். முகத்திட்டுகளை மறைக்கும் கிரீமை முதலில் போட்டுப் பார்த்தேன். வீடியோவில் ஒருத்தி 'இது ஒன்றே போதும்' என்று சத்தியம் செய்திருந்தாள். அவள் இமையில் சுருக்கம் இல்லை. உன் இமையில் அது ஒன்றரை மணி நேரத்தில் சுருக்கத்துக்குள் இறங்கி, வரப்பு வெட்டியதுபோலக் கோடு கோடாக நின்றது. வாசலின் வழுக்கிக்கொண்டு போனது. வேர்க்குருவுக்குப் போடும் ரோஸ் நிற மருந்து காய்ந்ததும் கோடைக் குளம்போல வெடித்தது. பேஸ் போடப் போய் எனக்குப் பேஸ்தடித்ததுதான் மிச்சம் என்றேன். நீ சிரிக்கவில்லை. காலண்டரின் தினத்தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில், '8.10, வலது ஓரம் போச்சு. 8.35, இடதும்' என்று எழுதிக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்பு போட்டிருந்த கணக்கு டீச்சருக்கு ஒரு கணக்கு கிடைத்துவிட்டது.

கொட்டாரம் கடைத்தெருவில் வாங்கினால் நான் வீட்டுக்கு வரும்முன் செய்தி வந்துவிடும் என்று நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். பெரிய பேன்சி ஸ்டோர். "கண்ணுக்கு மேல போடுற நிறம் அழியாம இருக்க, அடியில போடுற பிரைமர் வேணும்" என்றேன். விற்கும் பெண்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள், "யாருக்கு?" என்றாள்.

"எனக்குத்தான்."

மூத்தவள் முகம் மாறாமல், "ஒங்க தோலு வறண்டதா தம்பி, எண்ண வடியதா?" என்று கேட்டாள். கேலி செய்யப் போனவனை இவ்வளவு மரியாதையாக யாரும் மடக்கியதில்லை. நான் உண்மையைச் சொன்னேன். சின்னவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூத்தவள் மினுமினுப்பு உள்ளதை எல்லாம் தள்ளி வைத்தாள். பசைபோல ஒட்டுவது ஜிகினாவுக்கு, வேண்டாம் என்றாள். கண்ணாடிபோல இருக்கும் கூழ் சுருக்கத்தை நிரப்பும், ஆனால் கறுப்பை மறைக்காது என்றாள். தோல் நிறத்தில் பளபளப்பு இல்லாமல் இருந்த மூன்றாவதை எடுத்து, "இது ரெண்டு வேலையும் செய்யும். வாசனையும் கெடையாது. அரிசி அளவு எடுத்தா மதி. மோதிர விரலால போடுங்க, அந்த விரலுக்குத்தான் பலம் கொறவு" என்று சொல்லித் தந்தாள்.

மோதிர விரல். அன்றுவரை அந்த விரலால் நான் உருப்படியாக எதையும் செய்ததில்லை.

"கண்ண மூடு" என்பேன். நீ மூடிக்கொள்வாய். நான் உன் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை, அம்மா. யார்தான் பார்க்கிறார்கள்? நீ சோறு வைக்கும்போது தட்டைப் பார்ப்பேன், திட்டும்போது தரையைப் பார்ப்பேன். மூடிய கண்ணோடு நீ உட்கார்ந்திருந்தபோதுதான், இடது இமையின் மடிப்பு வலதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருப்பதைக் கண்டேன். மூக்கோரத்தில் கடுகைவிடச் சிறிய மச்சம். இமைக்குள் ஓடிய நீல நரம்பு. விரல் பட்டதும் உள்ளே உன் கண் ஒருமுறை நகர்ந்து, பின் அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் எனக்குக் கேலி எதுவும் வாயில் வரவில்லை. "என்னலே சத்தத்தக் காணோம், போயிட்டியா?" என்று கேட்பாய். "இருக்கேன்" என்பேன்.

ஆனால் அந்தப் பேஸும் நிற்கவில்லை. முதல் நாள் மூன்று மணி நேரம், மறுநாள் இரண்டே முக்கால். நிறம் அழியவில்லை. அப்படியே சரிந்து இறங்கியது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அன்று வளைகுடாவிலிருந்து அக்காவும் வந்து சேர்ந்தாள். பெட்டியை வைத்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தவள், சாமான் எடுக்கப் போவதுபோல வெளியே போய் நின்று அழுதாள். நீ அதைப் பார்த்துவிட்டாய். அன்றைய தாளின் பின்பக்கத்தில் நேரம் எதுவும் எழுதவில்லை.

நான் சாயங்காலம் அப்பாவின் பெயிண்ட் கடைக்குப் போனேன். அவர் ஒரு வாளியில் நிறம் கலந்துகொண்டிருந்தார். அவரிடம் நாம் ஒன்றும் சொல்லவில்லை, ஞாபகம் இருக்கிறதா? அது நமக்குள் இருந்த ரகசியம்.

"அப்பா, பிரைமர் அடிச்ச பெறவும் பெயிண்ட் நிக்கல்லன்னா என்ன காரணம்?"

"செவரு ஈரமா?"

"இல்ல. நல்லா ஒணங்கியாச்சு."

"பழைய பிரைமரா?"

"புதுசு."

"எந்த எடம்? சமையக்கட்டா?"

சும்மா தலையாட்டினேன்.

"அப்ப எண்ணதான். எண்ண ஏறுன செவர்ல எந்தப் பிரைமரும் பிடிக்காது மக்கா. பிரைமர மாத்தி மாத்தி வாங்காத. செவரக் கழுவு." கரண்டியை ஓரத்தில் தட்டிவிட்டு, "யாரு வீடு?" என்றார்.

"நம்ம வீடுதான்."

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வாளிக்குள் பார்த்தபடி, "பைய செய்யி. பழைய செவரு" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் உன் புருவ எலும்பை விரலால் தொட்டுப் பார்த்தேன். வழுக்கியது.

"எண்ண தேய்க்கியாம்மா?"

"எந்த எண்ண?"

"எந்த எண்ணன்னு கேட்டாலே நீ தேய்க்கேன்னு அர்த்தம்."

நீ கண்ணைத் திறந்தாய். திருடன் அகப்பட்டதுபோல இருந்தாய். எழுந்து போய்க் குளியலறையில் பவுடர் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துவந்தாய். எஸ்தர் மாமி கொடுத்தது. நம் சபையில் ஜெபிக்கவும் வைத்தியம் சொல்லவும் மாமிக்கு நிகர் கிடையாது. தேங்காய் எண்ணெயில் கருஞ்சீரகமும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சி, ஜெபித்துக் கொடுத்திருந்தாள். நம் ஊரில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் யாராவது நாளைத் தொடங்கியிருக்கிறார்களா? முடி இல்லாத தலைக்கும் நீ அதைத்தான் செய்திருந்தாய். தலைக்கும், புருவத்துக்கும், இமை ஓரத்துக்கும்.

"முப்பது நாள்ல முளைக்கும்னா. இண்ணைக்கு இருவத்திரெண்டு. எட்டு நாளு பாக்கி இருக்கு. முப்பதாவது நாளு கல்யாணம்." எண்ணிப் பார்த்துத்தான் தொடங்கியிருந்தாய். உன் கணக்கு தப்பியதில்லை.

"அம்மா, எண்ண இருந்தா பேஸ் பிடிக்காது. அதனாலதான் சரியுது."

நீ குப்பியைக் கையிலேயே வைத்திருந்தாய். "அப்ப எட்டு நாள்ல ஒண்ணும் முளைக்காதுன்னு சொல்லுதியா?"

எனக்கு எப்போதும் வாயில் ஒன்று தயாராக இருக்கும். ஆலயத்தில், வகுப்பில், சாவு வீட்டில்கூட இருந்திருக்கிறது, அதற்காக அடியும் வாங்கியிருக்கிறேன். அன்று ஒன்றும் இல்லை. முளைக்கும் என்றால் அது நான் உனக்குச் செய்யும் மோசமான குறும்பு. முளைக்காது என்று சொல்ல நான் யார்? நான் உன் மகன். டாக்டர் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ குப்பியின் மூடியை இறுக்கித் திருகினாய். என் கையில் வைத்தாய்.

"சரி. நீ நெறத்துக்கு வழி பாரு."

குப்பியை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்து, மாமரத்தடியில் நின்று அழுதேன். அக்கா நின்று அழுத அதே இடம் என்பது பிறகுதான் உறைத்தது.

எண்ணெயை நிறுத்திய மூன்றாம் நாள் நிறம் ஐந்து மணி நேரம் நின்றது. ஐந்தாம் நாள் ஆறே கால். அரிசி அளவு பேஸ், அது காயும்வரை பொறுமை, மேலே ஒரு தட்டு பவுடர், பிறகு பழுப்பு நிறத்தைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும். கண்ணில் நீர் வந்தால் நீயும் கைக்குட்டையால் ஒற்ற மட்டும்தான் வேண்டும். வாழ்நாள் முழுக்கச் சேலைத் தலைப்பால் முகத்தை இழுத்துத் துடைத்தவளுக்கு அதுதான் பெரிய பாடமாக இருந்தது. வீட்டில் நீ தலைப்பைத் தூக்கும்போதெல்லாம் நான் தீ பிடித்ததுபோலக் கத்துவேன்.

கல்யாணத்தன்று காலையில் உன் புருவத்தை முடி முடியாக வரைந்தேன். இமை ஓரத்தில் மெல்லிய ஒரு கோடு. பளபளப்பு இல்லை, பகட்டு இல்லை. மேக்கப் போட்டதே தெரியக்கூடாது, உனக்குக் கண் இருப்பது மட்டும் தெரிய வேண்டும். தலைப்பை எடுத்து மூடிக்கொண்டு கூடத்துக்கு வந்தாய். அப்பா உன்னைப் பார்த்தார். "கொள்ளாம்" என்றார். முப்பது வருஷமாகச் சுவர்களைப் பார்த்து அவர் சொல்லும் உயர்ந்தபட்சப் பாராட்டு அதுதான். அக்கா வெள்ளைப் பட்டும் கிரீடமுமாக அறையிலிருந்து வந்தவள், உன்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். உதடு கோணியது.

"ஏட்டி, அழுதேன்னா பாத்துக்க. ரெண்டு பேருக்க பேஸும் போயிரும்" என்றாய் நீ.

ஆராதனையில் உனக்குப் பின் வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா உடன்படிக்கை சொல்லும்போது உன் கைக்குட்டை மேலே போனது. மருந்தின் நீரா உன் நீரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒற்றினாய். துடைக்கவில்லை. மோதிரம் போட்டு முடிந்ததும் அக்கா திரும்பி உன்னைத் தேடினாள். நீ நிமிர்ந்து அவளைப் பார்த்துத் தலையாட்டினாய். அவள் சிரித்தாள். அப்போது மணி பதினொன்றரை. இன்னும் ஐந்து மணி நேரம் என்று எண்ணிக்கொண்டேன்.

மண்டபத்தில்தான் ஆபத்து வந்தது. எஸ்தர் மாமி வலது கையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து உன்னை நோக்கி வந்தாள். அந்தக் கை எங்கே போய் இறங்கும் என்று எனக்குத் தெரியும். இறங்கினால் ஜெபம், ஜெபம் என்றால் அழுகை, அழுகைக்குப் பத்துப் பேர் கூடுவார்கள், பிறகு நீ மூன்றாவது பெயர். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"மாமி, நீங்க இன்னும் சாப்பிடல்லியா? போளி தீரப் போவுதுன்னு சமையக்காரரு சொன்னாரே!"

"நிசமாலே?"

"கொஞ்சந்தான் இருக்காம். பாயசத்துக்குப் போளி இல்லன்னா என்ன பந்தி மாமி?"

தூக்கிய கை அப்படியே திரும்பி, தன் வீட்டாரைக் கூப்பிடப் போனது. நல்ல செய்தியை மாமி தன்னோடு வைத்துக்கொள்கிறவள் அல்ல. கால் மணி நேரத்தில் மண்டபம் முழுக்கப் போளி தீரப் போகிறது என்று பரவிவிட்டது. நம் ஆட்கள் மொத்தமும் ஒரே பந்தியில் போய் விழுந்து, ஆளுக்கு மூன்று நான்கு என்று வாங்கி, போளியை நிஜமாகவே தீர்த்துவிட்டார்கள். அடுத்த பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டாரின் இலையில் பாயசம் மட்டும் வந்தது.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்கு உன்னைத் தெரியாது, உன் நோயையும் தெரியாது. நேராக உன்னிடம் வந்தாள்.

"நீங்கதான பொண்ணுக்க அம்ம? இது என்ன மரியாத? எங்க ஆளுவ நாப்பது பேருக்குப் போளி இல்லன்னு எல முன்னால ஒக்கார வச்சிருக்கு. பொண்ணு வீட்டுக்காரங்க கவனிக்கது இப்பிடித்தானா?"

நான் நடுவே போகப் பார்த்தேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். உன் முகத்தை நான் அப்போது பார்த்தேன். நான் வரைந்த எதுவும் அந்த வெளிச்சத்தைக் கொண்டுவந்திருக்க முடியாது.

"ஒரு அஞ்சு நிமிசம் பொறுங்க. நான் பாக்கேன்" என்றாய். தலைப்பு நுனியை இடுப்பில் செருகினாய். ஒரு வருஷமாகச் சுவரைப் பிடித்து நடந்தவள், சமையல்கட்டைப் பார்த்து வீச்சு நடை போட்டாய். உள்ளே உன் வகுப்புக் குரல் கேட்டது. பத்து நிமிஷத்தில் போளிக்குப் பதில் கேசரி போனது. பெரியம்மா கேசரியிலும் குறை சொன்னாள். நீ அதையும் நின்று கேட்டாய்.

திரும்பி வந்து என் காதருகே குனிந்து சொன்னாய். மூச்சு வாங்கியது. "ஒரு வருசத்துக்குப் பெறவு ஒருத்தி எனக்க கிட்ட சண்டைக்கு வந்திருக்கா, மக்கா."

போளியைப் பற்றிய உண்மையை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன். அது நான்தான். உனக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தோம். கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாய். நிறம் அப்படியே இருந்தது, வலது ஓரத்தில் மட்டும் சிறிது மங்கல். "எடுத்துரட்டா?" என்றேன். "ஒரு பத்து நிமிசம் இருக்கட்டும்" என்றாய். பத்து நிமிஷம் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கண்ணை மூடினாய். பஞ்சில் எண்ணெய் தொட்டு வைத்ததும் எல்லாம் கரைந்து வந்தது. அடியில் புருவம் வெறுமையாக இருந்தது.

"முப்பதாவது நாளு. ஒண்ணும் முளைக்கல்ல பாத்தியா?"

"நடுவுல எட்டு நாளு நிறுத்திட்டோம்லா."

"அந்தக் கணக்கு எனக்கு வேண்டாம். இண்ணைக்கு நின்னுச்சு. மதி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் பெட்டியோடு வந்து நின்றேன். நீ வேண்டாம் என்றாய். "நான் ஒரு நாளுதான கேட்டேன்." வெறும் முகத்தோடு ஆலயத்துக்குப் போனாய். ஜெபக்குறிப்பு வாசித்தார்கள். எஸ்தர் மாமி உன் தலையில் கைவைத்து அழுதாள். நீ அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாய்.

அக்டோபர் மழையில் நீ போனாய். கூடத்தில் உன்னை வெள்ளைச் சேலையில் கிடத்தியிருந்தபோது மாமிதான் வந்து கேட்டாள். "ஒனக்குத்தான் மொகம் வரையத் தெரியுமே மக்கா. கண்ணுக்குக் கொஞ்சம் நெறம் குடு. ஆளுவ பாக்க வருவாவ."

பெட்டியை எடுத்துவந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழாயைத் திறந்தேன். அரிசி அளவு விரலில் எடுத்தேன். அப்போதுதான் தோன்றியது: உனக்கு வியர்க்கவில்லை. கண்ணில் நீர் இல்லை. இனி எதைப் போட்டாலும் அது பேஸ் இல்லாமலே நிற்கும், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும். அதைத் தாங்க முடியவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். இழுத்துத்தான் துடைத்தேன், ஒற்றவில்லை.

"வேண்டாம் மாமி. அம்ம ஒரு நாளுதான் கேட்டா."

மாமிக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. மாமி உன் வெறும் நெற்றியில் கையை வைத்துச் சத்தமாக ஜெபித்து அழுதாள். நான் அவளைத் தடுக்கவில்லை.

கூடத்தில் இப்போது உன் படம் மாட்டியிருக்கிறது. கல்யாணப் படத்திலிருந்து உன்னை மட்டும் எடுத்துப் பெரிதாக்கியது. நீ யாரையோ அதட்டப் போகிறவள்போல நிற்கிறாய். வருகிறவர்கள் எல்லாம் "மொகம் எவ்வளவு தெளிவா இருக்கு" என்கிறார்கள். அப்பா தலையாட்டுகிறார். அந்த நிறம் இனி மங்காது. நீ கேட்ட நாள் அது. எல்லாரும் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு வேறு முகம் இருக்கிறது. காலை ஆறரைக்குக் கழுவித் துடைத்து, ஒன்றும் பூசாமல், கண்ணை மூடிக்கொண்டு, நான் என்ன செய்தாலும் சரி என்பதுபோல என் பக்கம் தூக்கி வைத்த முகம். இடது மடிப்பு கொஞ்சம் தாழ்ந்தது. அதற்குப் படம் இல்லை. என் மோதிர விரலுக்கு மட்டும் தெரியும்.